ஸ்டேவ் சர்ச்: தமிழில் எப்படிச் சொல்வது?

அடுக்கடுக்கான கூரை, முகட்டில் டிராகன் தலைகள், தார் பூசிப் பூசிக் கறுத்துப்போன மரச்சுவர். நார்வேயின் கிராமத்துத் தேவாலயம் ஒன்றின் இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். லேர்டால் பகுதியிலுள்ள போர்குண்ட் தேவாலயம் அது. 1180-ஐ ஒட்டிக் கட்டியது. இந்த வகைக்கு ஆங்கிலத்தில் ஸ்டேவ் சர்ச் என்று பெயர்.

ஸ்டேவ் என்றதும் பீப்பாய்ப் பலகை நினைவுக்கு வந்து, 'பலகைத் தேவாலயம்' என்று எழுதத் தோன்றும். அது சரியில்லை. மூலச்சொல் நார்வே மொழியின் 'ஸ்தாவ்கிர்க்கே'. கிர்க்கே என்றால் தேவாலயம். ஸ்தாவ் என்றால் நட்டுவைத்த கம்பம். நார்வே மொழிக்கு மூதாதையான பழைய நோர்ஸ் மொழியில் 'ஸ்தாஃபர்'. கூரையின் பாரத்தைத் தாங்குவது கம்பங்கள்தான். பலகைகள் மரத்தில் வெட்டிய காடிக்குள் செங்குத்தாக இறங்கி இடைவெளியை அடைக்கின்றன, அவ்வளவே.

முதலில் இந்தக் கம்பங்களை நம் பந்தக்கால் போல நேராக மண்ணில்தான் ஊன்றினார்கள். ஈரத்தில் அடி இற்றுப்போனது. அப்புறம்தான் கல் அடுக்கி, அதன்மேல் கிடையாக அடிமரம் போட்டு, அதில் கம்பத்தை நிறுத்தும் வழக்கம் வந்தது. 800, 900 ஆண்டு தாங்கியவை எல்லாம் இந்த இரண்டாம் வகைதான். இவற்றில் ஒன்றான உர்னஸ் தேவாலயத்தைக் கட்டியது 1130 வாக்கில். ஆனால் அதன் வடக்குச் சுவரில் இருக்கும் வாசல் அதைவிடப் பழையது. முன்பு அங்கே இருந்த தேவாலயத்திலிருந்து எடுத்துப் பொருத்தியது. அதில் உள்ள செதுக்கலில் நாலுகால் விலங்கொன்று பாம்பைக் கடிக்கிறது, பாம்பு அதைத் திருப்பிக் கடிக்கிறது. கொடி எது, பாம்பு எது என்று பிரித்துப் பார்க்கவே நேரம் பிடிக்கும்.

நார்வேயில் இன்று மிஞ்சியவை 28. இடி, தீ ஒருபுறம் இருக்க, தேவாலயத்தில் ஊர்மக்களில் இத்தனை பங்குக்கு இடம் வேண்டும் என்ற 1851-ஆம் ஆண்டுச் சட்டமும் பலவற்றை இடிக்க வைத்தது. போர்குண்டில் 1868-இல் புதிய தேவாலயத்தைப் பக்கத்திலேயே கட்டிக்கொண்டார்கள், பழையது தப்பியது.

சரி, தமிழில்? தூணுக்கு நம்மிடம் 'கால்' என்ற அருமையான சொல் இருக்கிறது: ஆயிரங்கால் மண்டபம், முகூர்த்தக்கால். ஆனால் 'மரக்கால் தேவாலயம்' என்றால் நெல் அளக்கும் மரக்கால்தான் முந்திக்கொண்டு வரும். அதனால் 'மரத்தூண் தேவாலயம்' என்பதே என் தேர்வு. கொஞ்சம் மனக்குறைதான்.

ஏனென்றால் 'கால்' இன்னோரிடத்திலும் பொருந்துகிறது. நார்வே மொழியில் எழுத்துக்குப் பெயர் 'பூக்ஸ்தாவ்'. அதிலும் அதே ஸ்தாவ்; ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தின் செங்குத்துக் கோட்டைக் குறித்து வந்தது என்பார்கள். நாமும் 'கா'வில் வரும் துணையெழுத்தைத் துணைக்கால் என்கிறோம். போர்குண்டின் மரச்சுவரில் அந்தக் காலத்து ஆட்கள் கீறிவிட்டுப் போன ரூன் எழுத்துகளை இன்றும் பார்க்கலாம்.