கெர்னலின் கடிகாரம் 13 விநாடி முந்திய கதை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் உள்ள பழைய கம்ப்யூட்டரில், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காக நான் எழுதிய சிறிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடுகிறது. ஒரு நாள் காலை அதன் கடிகாரத்தைக் கைப்பேசியின் நேரத்தோடு ஒத்துவைத்துவிட்டு, மறுநாள் அதே வேளையில் பார்த்தேன். ஏறக்குறைய 13 விநாடி முந்தியிருந்தது. பிழை, டைமர் சில்லை இயக்கும் நிரலான டைமர் டிரைவரில், ஒரேயொரு வகுத்தல் கணக்கில் இருந்தது.

கெர்னலுக்குத் தானாக நேரம் தெரியாது. விநாடிக்கு 100 முறையோ 1000 முறையோ ஒரு டைமர் இன்டரப்ட் (பிராசஸரை இடைமறிக்கும் சமிக்ஞை) எழுப்பினால்தான், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நிறுத்தி அடுத்ததற்கு முறை கொடுக்க அதனால் முடியும். பீசிகளில் நெடுங்காலம் இந்த வேலையைச் செய்தவை இன்டெல் 8253, 8254 சில்லுகள். 1981இல் வந்த ஐபிஎம் பீசியில் 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றே பிராசஸருக்கும், அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கான சமிக்ஞைக்கும், டைமருக்கும் துடிப்பு கொடுத்தது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் டைமருக்குக் கிடைப்பது விநாடிக்கு ஏறத்தாழ 11,93,182 துடிப்புகள். எதனாலும் எளிதில் வகுபடாத எண் அது.

டைமரைத் தொடங்கிவைக்கும்போது வரிசை மிக முக்கியம். கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேர் அந்தச் சில்லை எந்த நிலையில் விட்டுச்சென்றது என்று நம்ப முடியாது என்பதால், முதலில் இன்டரப்டை அடைத்துவிட்டு, அது வந்தால் ஏற்கவேண்டிய நிரல்பகுதியான ஹேண்ட்லரைப் பதிவுசெய்ய வேண்டும். பிறகு சில்லுக்குக் கட்டளை அனுப்பும் வாயிலான 67ஆம் போர்ட்டில் 52 என்று எழுதினால், முதல் சேனலில் (சில்லில் உள்ள எண்ணிகளில் முதலாவதில்) மீண்டும் மீண்டும் எண்ணும் முறை அமைகிறது. விநாடிக்கு 1000 டிக், அதாவது 1000 இன்டரப்ட், வேண்டுமென்றால், எத்தனை துடிப்புக்கு ஒரு டிக் என்று சொல்லும் வகுஎண் 1193. ஒரு தடவைக்கு ஒரு பைட்தான் போகும் என்பதால், 64ஆம் போர்ட்டில் முதலில் 169, அடுத்து 4 என்று எழுதுகிறோம் (4×256+169). இரண்டுக்கும் நடுவே வேறு ஏதேனும் நிரல்பகுதி புகுந்து அதே போர்ட்டில் எழுதிவிட்டால் எண் குழம்பிவிடும். இன்டரப்டைத் திறப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

என் கெர்னலில் இவை அனைத்தும் சரியாகவே இருந்தன. ஆனால் உண்மையான ஈவு 1193.182, சில்லு முழு எண்ணை மட்டுமே ஏற்கும். ஒவ்வொரு டிக்கும் சற்று முன்னதாகவே, 9,99,848 நானோவிநாடியில் வந்துகொண்டிருக்க, நான் அதை முழு 10,00,000 (ஒரு மில்லிவிநாடி) என்று வரவுவைத்திருந்தேன். டிக்குக்கு 152 நானோவிநாடி பிசகு, நாளொன்றுக்கு 13 விநாடியாகச் சேர்ந்துவிடுகிறது. 100 ஹெர்ட்ஸுக்கு 11932 என்று வைத்திருந்தால், அதே அலட்சியம் கடிகாரத்தை நாளுக்கு 1.3 விநாடி பிந்தவைத்திருக்கும்.

பிந்தைய டைமர்கள் இந்தக் கணக்கை வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. பீசிகளில் பின்னர் வந்த ஹெச்பிஇடி டைமர் தன் துடிப்பின் நீளத்தை ஃபெம்டோவிநாடியில் (நானோவிநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒரு ரெஜிஸ்டரிலேயே (சில்லுக்குள் உள்ள சிறு சேமிப்பிடம்) தெரிவிக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. பிராசஸருக்குள் இருக்கும் லோக்கல் ஏபிஐசி டைமரின் வேகமோ இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஆகவே பல கெர்னல்கள் தொடங்கும்போதே, 8254 காட்டும் 10 மில்லிவிநாடிக்குள் அது எவ்வளவு எண்ணுகிறது என்று அளந்துகொள்கின்றன. கைப்பேசிகளில் பரவலாக உள்ள ஏஆர்எம் பிராசஸர்களில் டைமரின் அதிர்வெண்ணுக்கென்று ஒரு ரெஜிஸ்டர் உண்டு. ஆனால் அதில் இருப்பது ஃபர்ம்வேர் எழுதிவைத்த எண்தான், வன்பொருள் அதைச் சரிபார்ப்பதில்லை.

நான் மாற்றியது ஒரே வரி: டிக்கின் நீளமாக 10,00,000க்குப் பதில் 9,99,848. மறுநாள் காலை மீதமிருந்த வித்தியாசம் இரண்டு விநாடிக்குள் அடங்கியது. அந்த அளவு பிசகு கிரிஸ்டலுக்கே உண்டு.