23 நிமிடப் பாட்டு ஒரே பக்கத்தில் எப்படி அடங்குகிறது?

"பழைய ராக் கச்சேரிப் பதிவுகளை மறுபடி வினைலில் விடுகிறார்களே, பழைய அச்சையே எடுத்து அடிக்கிறார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அச்சு சில ஆயிரம் தட்டுகளுக்குள் தேய்ந்துவிடும். நல்ல மறுபதிப்புக்கு, மூல ஒலிநாடாவிலிருந்து, லாக்கர் என்ற வார்னிஷ் போன்ற பூச்சுள்ள தட்டில், ஊசி ஓடும் பள்ளத்தைப் புதிதாக வெட்டி, அதிலிருந்து புது அச்சு எடுப்பார்கள். சூட்சுமமெல்லாம் அந்த வெட்டில்தான்.

அமெரிக்க ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட் 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்த கச்சேரியை எடுத்துக்கொள்வோம். இரட்டை இசைத்தட்டாக வந்த அதன் நான்காம் பக்கம் முழுக்க 'விப்பிங் போஸ்ட்' மட்டும்தான், ஏறத்தாழ 23 நிமிடம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் 767 சுற்று. பள்ளம் ஓடும் பட்டையின் அகலமோ 86 மி.மீ. சுற்றுக்கு 0.11 மி.மீ.தான் கிடைக்கும், அதில் பள்ளமே 0.05 மி.மீ. பிடித்துக்கொள்ளும். பேஸ் கிட்டார் பலமாக அதிர்ந்தால் பள்ளம் பக்கவாட்டில் ஆடி அடுத்த சுற்றில் இடிக்கும், ஊசி தாவும். ஒலியளவைக் குறைத்து வெட்டினால் தட்டின் இரைச்சல் மேலே வந்துவிடும்.

தப்பிக்க வழி, இடைவெளியை நொடிக்கு நொடி மாற்றுவது. பள்ளம் வெட்டும் எந்திரமான லேத்துக்காகச் செய்த நாடா எந்திரத்தில், நாடாவிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்கள் இரண்டு உண்டு. நாடா முதல் ஹெட்டைக் கடந்து, கூடுதல் உருளைகளில் சுற்றி வந்த பிறகே இரண்டாவதை அடையும். வெட்டூசிக்கு ஒலி போவது இரண்டாவதிலிருந்து. முதலாவது வேவுக்காரன்: பலத்த ஒலி வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும், ஊசியை நகர்த்தும் மோட்டார் வேகம் பிடிக்கும், இடைவெளி விரியும். ஒலி அடங்கினால் பள்ளங்கள் நெருங்கும். இதில் இன்னும் ஓர் அழகு. ஸ்டீரியோவில் இடது ஒலி பள்ளத்தின் உள்சுவரில், வலது ஒலி வெளிச்சுவரில். வெட்டு வெளியிலிருந்து உள்ளே போவதால், இப்போதைய சுற்றின் வெளிச்சுவர் முந்தைய சுற்றின் உள்சுவரை ஒட்டி ஓடும். ஆகவே வலதை முன்கூட்டி அறிய வேண்டும். இடதை ஒரு சுற்று, அதாவது 1.8 நொடி, நினைவில் வைத்திருக்க வேண்டும். மின்சுற்று இரண்டையும் செய்கிறது.

மேடைப் பதிவில் வேறொரு தொல்லை. பேஸ் ஒலி பல மைக்குகளில் முன்பின்னாக விழுவதால் இடதும் வலதும் எதிரெதிராக இழுக்கும். அப்போது பள்ளம் மேலும் கீழுமாக ஆடும். ஆழம் குறைந்த இடத்தில் ஊசி எகிறும். அதனால் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இரு பக்கத்தையும் ஒன்றாக்கிவிடுவது வழக்கம்.

உள்வட்டத்துக்கு மருந்தில்லை. வெளிவிளிம்பில் நொடிக்கு 51 செ.மீ. ஓடும் பள்ளம் கடைசியில் 21 செ.மீ.தான் ஓடுகிறது. 15,000 ஹெர்ட்ஸ் அலைக்கு 0.034 மி.மீ. கிடைத்த இடத்தில் 0.014 மி.மீ. சாதாரண உருண்டை ஊசிமுனை அந்த வளைவில் நுழையாது. கச்சேரியின் உச்சம் வந்து விழுவதோ அங்கேதான்! நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் வெட்டினால் தெளிவு கூடும், பாட்டை நடுவில் அறுத்து இரண்டு பக்கமாக்க வேண்டும். எனக்கு அதைவிட மங்கிய சிம்பல் தாள ஒலியே மேல்.

கனமான தட்டு என்று சொல்லும் '180 கிராம்' ஸ்டிக்கருக்குக் கூடுதல் காசு கொடுப்பது சுத்த மூடநம்பிக்கை. தடிமன் கூடுவதால் பள்ளத்தில் ஒரு மைக்ரான்கூட மாறாது. அந்தக் காசை நீள்வட்ட முனையுள்ள ஊசிக்குப் போடுங்கள். வாங்குமுன் பக்கத்துக்கு எத்தனை நிமிடம், புதிய வெட்டா என்று பாருங்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தில் வெட்டியவரின் முதலெழுத்துகள் பெரும்பாலும் கீறியிருக்கும்.