முகவரி விடுபட்ட ஆண்டுகள்: பிரஜாவுரிமை கேட்கும் மலையகத்தவர் அவற்றை எப்படிக் காட்டுவது?

பிரஜாவுரிமைக்கான பத்திரங்களைச் சேர்க்கத் தொடங்கினால் மலையகத்தில் பலரும் தடுமாறுவது ஒரே கேள்வியில்தான்: எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எங்கே இருந்தீர்கள்? பிறந்தது ஒரு தோட்டம், கலியாணம் முடித்துப் போனது இன்னொரு தோட்டம், இடையில் கொழும்பில் கடை வேலை, 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியா, 1990இல் இந்தியா. எல்லா இடத்துக்கும் பத்திரம் இருக்காது. அந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பயந்து விண்ணப்பத்தையே போடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். இல்லாத முகவரியை எழுதி மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே தேவையில்லாதவை.

முதலில் சட்டம் எதைக் கேட்கிறது என்பதைப் பார்ப்போம். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்க, இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டத்தின்படி, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவரும் இந்திய வம்சாவளியினர் இலங்கைப் பிரஜை ஆகிறார்கள். அப்படிப்பட்டவரின் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இலங்கையில் வசித்தால் அவரும் பிரஜை. இந்த மக்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்த நாள்தான் அந்த ஒக்டோபர் 30.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. சட்டம் கேட்பது நாட்டில் இருந்தீர்களா என்பதை. எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்), எத்தனையாம் காம்பிராவில் (அறையில்) இருந்தீர்கள் என்பதை அல்ல. மஸ்கெலியாவிலிருந்து லுணுகலைக்குப் போனாலும், அங்கிருந்து கிளிநொச்சிக்குப் போனாலும் இலங்கையில் வசித்த காலம் அறுபடுவதில்லை. முகவரி கேட்பது, நீங்கள் நாட்டில் இருந்ததை ஒரு பத்திரத்தோடு பொருத்திப் பார்ப்பதற்காக. ஆகவே விடுபட்ட ஆண்டு ஒன்று இருந்தால் அந்த ஆண்டின் வீட்டைத் தேடி அலைய வேண்டாம். அந்த ஆண்டில் நீங்கள் இலங்கையில் இருந்தீர்கள் என்று சொல்லும் ஏதாவது ஒரு பதிவைத் தேடுங்கள்.

சட்டம் வந்த காலத்தில் நடந்த பதிவு இயக்கத்தில் சில நாட்களுக்குள்ளேயே ஏறத்தாழ 190,000 பேர் தாம் இலங்கைப் பிரஜை என்பதைக் காட்டும் பிரகடனப் பத்திரம் பெற்றார்கள். அப்போது கொழும்பில் வீட்டு வேலையில் இருந்தவர்கள், வன்னியில் இருந்தவர்கள், இந்திய அகதி முகாம்களில் இருந்தவர்கள், விஷயம் காதுக்கு எட்டாத முதியவர்கள் பலர் விடுபட்டுப் போனார்கள். பேரப்பிள்ளை 15 வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதோ, கடவுச்சீட்டு எடுக்கப் போகும்போதோதான் பாட்டியிடம் பத்திரம் இல்லாதது தெரியவருகிறது.

முதியவர்களின் பயத்துக்குக் காரணம் உண்டு. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், திருமணமானவருக்கு 7 ஆண்டு, மற்றவர்களுக்கு 10 ஆண்டு என 1946க்கு முந்திய தொடர்ச்சியான வதிவைக் கேட்டது. இந்தியாவிலுள்ள ஊருக்குப் போய் 12 மாதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தொடர்ச்சி போய்விடும். எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பம் போடப்பட்டது. கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு மட்டும். தாயின் சாவுக்குப் போய்ச் சற்று அதிகம் தங்கியதே ஒரு குடும்பத்தின் உரிமையைப் பறிக்கக்கூடிய காலம் அது. ‘ஒரு வருசம் காட்டாவிட்டால் எல்லாம் போச்சு’ என்று நம் தாத்தாக்கள் சொல்லிவைத்தது அங்கிருந்து வந்தது. 2003 சட்டம் அப்படி நாள் எண்ணும் சட்டம் இல்லை. வீட்டில் பெரியவர்களுக்கு இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பொய்யான இடைவெளிகள்

கையில் இருக்கும் பத்திரங்களை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். பல வேளைகளில் இடைவெளி என்று நினைத்தது இடைவெளியே இல்லை. பிறப்புச் சான்றிதழில் தோட்டத்தின் பதிவுப் பெயர் இருக்கும். பாடசாலை விடுகைப் பத்திரத்தில் ‘மேற்பிரிவு’ என்று மட்டும் இருக்கும். கடிதம் வந்த முகவரியில் பக்கத்து டவுனின் தபாலகம் இருக்கும். பழைய வதிவிடச் சான்றிதழ் அம்பகமுவ பிரதேச செயலகம் என்று சொல்லும், புதியது நோர்வூட் என்று சொல்லும். அதிகாரியின் கண்ணுக்குப் பல ஊர். உண்மையில் ஒரே லயம்.

நிர்வாகமும் கைமாறியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகி ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டு அரச நிறுவனங்களின் கீழ் வந்தன, 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. கடிதத் தலைப்பு மூன்று விதமாக இருந்தால் வேலை செய்த இடமும் மூன்று என்று தோன்றுவது இயல்பு.

இதைத் தீர்க்க ஒரு கடிதம் போதும். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன என்று தோட்ட அத்தியட்சகரிடமோ கிராம சேவகரிடமோ எழுதி வாங்குங்கள். வெறும் வதிவிடச் சான்றிதழ் கேட்டால் இன்றைய முகவரியை மட்டும் எழுதித் தருவார்கள். பழைய பத்திரங்களைக் கையில் கொண்டுபோய், எந்தெந்தப் பெயர் வரவேண்டும் என்று காட்டிக் கேளுங்கள்.

உண்மையான இடைவெளி, நாட்டுக்குள்ளே

இனி, உண்மையிலேயே பத்திரம் இல்லாத ஆண்டுகள். எடுத்துக்காட்டுக்கு ஒரு அம்மாவை நினைத்துக்கொள்வோம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் 1952இல் பிறந்தவர். தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு 1963இல் நின்றுவிட்டார். 1966இல் செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) பேர் பதிந்தார். 1971இல் கலியாணம் முடித்து மஸ்கெலியாவுக்குப் போனார். சட்டம் குறிப்பிடும் 1964 ஒக்டோபர், பாடசாலைக்கும் செக்ரோலுக்கும் நடுவில் சரியாக விழுகிறது. அந்த ஆண்டில் அவருக்கு வயது 12. அவர் பெயரில் ஒரு தாளும் இருக்க வழியில்லை.

இங்கே தேட வேண்டியது அவருடைய பத்திரத்தை அல்ல, குடும்பத்தின் பத்திரத்தை. தம்பி 1965இல் அதே தோட்டத்தில் பிறந்திருந்தால் அந்தப் பிறப்புச் சான்றிதழ் தாயும் தகப்பனும் அப்போது அங்கே இருந்ததைச் சொல்லும். தகப்பன் பதிவுத் தொழிலாளி என்றால் ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு இருந்திருக்க வாய்ப்பு அதிகம், அந்த நிதியை உண்டாக்கிய சட்டம் 1958 ஆம் ஆண்டுடையது. பங்கீட்டுப் பொருள் வாங்கிய கூப்பன் புத்தகம் யாராவது பெட்டியில் வைத்திருந்தால் அதில் வீட்டிலிருந்தவர்களின் பெயர் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. தாத்தாவின் மரணச் சான்றிதழ். ஒரு பக்கம் 1963, மறுபக்கம் 1966, நடுவில் தம்பியின் 1965. இப்படி மூன்றையும் ஒன்றாக வைத்தால் 12 வயதுப் பிள்ளை எங்கே இருந்திருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

பழைய பிறப்புச் சான்றிதழை முழுவதும் வாசியுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. பெற்றோரின் பிறந்த இடம், இனம், பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் எழுதுவதற்கு அதில் கூடுகள் உண்டு. ‘இந்தியத் தமிழ்’ என்று இனக் கூட்டில் எழுதியிருப்பதே வம்சாவளிக்கான சான்று. இரண்டு தலைமுறையின் வரலாறு ஒரே தாளில் இருக்கும்போது நாம் பெயரையும் பிறந்த தேதியையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம்.

வாக்காளர் இடாப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் பழைய இடாப்பின் பிரதி கேட்டுப் பெறலாம், பிரஜாவுரிமை கிடைத்த பிறகான ஆண்டுகளுக்கு அது நல்ல சான்று. ஆனால் எந்த நாட்டின் பிரஜையாகவும் இல்லாமல் நாடற்றவராக இருந்தவருக்கு வாக்கே இல்லை. அந்தக் கால இடாப்பில் பெயர் இல்லாததை வைத்து ‘நீங்கள் இங்கே இருக்கவில்லை’ என்று யாராவது சொன்னால், அது தவறு என்று தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

கொழும்பில் சிறு வயதில் வீட்டு வேலைக்கும் கடைக்கும் போனவர்களின் காலம்தான் காட்டுவதற்கு மிகக் கடினம். சம்பளச் சீட்டு இல்லை, சேமலாப நிதி இல்லை, வேலை கொடுத்தவர் கடிதம் தரவும் தயங்குவார். அப்போது அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக் புத்தகம், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஊருக்குப் பணம் அனுப்பிய தபால் ரசீது போன்றவை உதவும். அதுவும் இல்லையென்றால், போவதற்கு முன்பும் வந்த பின்பும் இருந்த தோட்டத்தின் பதிவுகளை இரண்டு பக்கமும் வைத்து, நடுவே சத்தியக் கடதாசி, அதாவது சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்.

சத்தியக் கடதாசியில் என்ன எழுதுவது?

சமாதான நீதவான் முன் கையொப்பமிடும் சத்தியக் கடதாசியை முதலில் எழுத வேண்டாம். மற்ற எல்லாப் பத்திரமும் சேர்ந்த பிறகு, மிஞ்சிய இடைவெளிக்கு மட்டும் எழுதுங்கள். ‘நான் பிறந்ததிலிருந்து இலங்கையில் வசிக்கிறேன்’ என்ற ஒற்றை வரி எதையும் நிரூபிக்காது. மேலே சொன்ன அம்மாவுக்கு இப்படி எழுதலாம்:

‘1963 ஆம் ஆண்டு பாடசாலையை விட்டது முதல், 1966 ஆம் ஆண்டு அதே தோட்டத்தின் செக்ரோலில் பெயர் பதியும் வரை, என் பெற்றோருடன் மேற்பிரிவு லயத்தில் வசித்தேன். அக்காலத்துக்கு என் பெயரில் தனிப் பத்திரம் இல்லை. 1965இல் அதே தோட்டத்தில் பிறந்த என் தம்பியின் பிறப்புச் சான்றிதழ் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’

எதற்குப் பத்திரம் இல்லை என்பதை அதில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறோம். மாதம் தெரியாவிட்டால் ஆண்டை மட்டும் எழுதுங்கள், ஆண்டும் உறுதியில்லை என்றால் ‘1977 கலவரத்துக்குப் பின்’ என்பதுபோல் எழுதுங்கள். ஊகித்த தேதி ஒன்று வேறொரு பத்திரத்தோடு முரண்பட்டால் மொத்த விண்ணப்பமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பொய்ச் சத்தியம் குற்றமும்கூட. உங்களை அந்தக் காலத்தில் அறிந்த இரண்டு பேரும், கங்காணியோ பழைய ஆசிரியரோ பக்கத்துக் காம்பிராக்காரரோ, தனித்தனியே சத்தியக் கடதாசி கொடுத்தால் இன்னும் வலு.

இந்தியாவில் இருந்த காலம்

நாட்டை விட்டுப் போன இடைவெளி வேறு வகை. அதை மறைக்கவே கூடாது. போரினால் இந்தியாவுக்குப் போக நேர்ந்த இந்திய வம்சாவளியினருக்காக 2003 சட்டம் 2009இல் திருத்தப்பட்டது. ஆகவே அகதியாகப் போனதைச் சொல்வது உங்களுக்குப் பாதகமல்ல, அந்தத் திருத்தத்தின் கீழ் வருவதற்கே அதைச் சொல்லத்தான் வேண்டும். மண்டபம் முகாமிலோ வேறு முகாமிலோ தந்த அகதி அட்டை, ஐ.நா. அகதிகள் ஸ்தாபனத்தின் ஊடாகத் திரும்பியிருந்தால் அதற்கான தாள், தற்காலிகப் பயண ஆவணம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

முன்னொரு காலத்தில் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டு, 1984இல் தலைமன்னார் கப்பல் நின்றதால் போகாமல் தங்கியவர்களுக்கு விசேட பிரகடனம் என்ற தனி வழி சட்டத்தில் உண்டு. மற்றவர்களுக்குரியது பொதுப் பிரகடனம். பழைய இந்தியக் கடவுச்சீட்டைக் கிழித்துப் போட வேண்டாம், 1964க்குப் பிறகும் இங்கே இருந்ததற்கு அதுவே சான்றாகலாம்.

முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு வேறு விதி. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ், பெற்றோரில் ஒருவர் இலங்கைப் பிரஜையாக இருப்பதை வைத்து அவர்களின் பிறப்பைப் பதிந்து வம்சாவளிப் பிரஜாவுரிமை கேட்க வேண்டும். 2003இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு தாய் வழியாகவும் கேட்கலாம். ஒரு வருடத்துக்குள் பதியாதவர்கள் தாமதக் கட்டணத்தோடு பதியலாம். இந்தியாவில் இருந்துகொண்டு செய்தால் சென்னையிலுள்ள துணை உயர் ஸ்தானிகராலயத்தில், இங்கே வந்துவிட்டால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவில்.

பத்திரங்களை எடுப்பது

பிறப்பு, விவாகப் பதிவின் இலக்கம் தெரியாவிட்டாலும் பிரதேச செயலகத்தில் ஆண்டைக் குறிப்பிட்டுத் தேடச் சொல்லலாம். பதிவு இல்லை என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள், காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு அது வேண்டும். சேமலாப நிதி விபரத்துக்குத் தொழில் அலுவலகம், படித்ததற்குப் பாடசாலையின் சேர்வு இடாப்பு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததுபோல் மண்சரிவில் எல்லாம் போயிருந்தால், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோடு இதே அலுவலகங்களுக்குத்தான் போக வேண்டும்.

அரச அலுவலகம் ஒன்று பதிவைத் தர இழுத்தடித்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கடிதம் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருந்தால், அந்த எல்லா வடிவங்களும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியக் கடதாசியில் தனிப் பந்தியாகச் சேர்த்துவிடுங்கள். விண்ணப்பத்தின் மேல் ஒரு பக்கத்தில் ஆண்டு, இடம், இணைத்த பத்திரம் என்று வரிசையாக எழுதி, பத்திரம் இல்லாத ஆண்டுக்கு நேரே ‘சத்தியக் கடதாசியைப் பார்க்க’ என்று குறியுங்கள். மூலப் பத்திரங்களைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், கொடுத்த எல்லாவற்றிலும் ஒரு பிரதியை வீட்டில் வைத்து, அதில் அலுவலகத்தின் திகதி முத்திரையையும் போட்டு வாங்குங்கள்.