நிற்பதற்கு முன் ஒரு மிதி வேகமாக

ஒற்றைச் சக்கர சைக்கிள் பழகத் தொடங்கிய முதல் வாரத்தில் எனக்குப் பெரும் தொல்லையாக இருந்தது நிறுத்துவதுதான். சுவரைப் பிடித்துக் கிளம்பி ஏழெட்டு மீட்டர் போய்விடுவேன். போதும் என்று பெடலைப் பின்பக்கமாக அழுத்தியதும் சக்கரம் நின்றுவிடும். நான் மட்டும் முன்னால் போய்க் குதிப்பேன். எனக்குப் பின்னால் சைக்கிள் தடாலென்று விழும். பத்துப் பதினைந்து தடவை இப்படி ஆன பிறகு, பல ஆண்டுகளாக ஓட்டிவரும் ஒருவர் சொன்னார்: "நிற்பதற்கு முன் ஒரு மிதி வேகமாக மிதியுங்கள்."

நிற்கத் தவிக்கிறவனை வேகமாகப் போகச் சொல்கிறாரே என்று திகைத்தேன். செய்து பார்த்தேன். நின்றது. இந்த வண்டியின் இயற்பியலில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது.

ஒரு நீளக் கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கமே கையைக் கொண்டுபோய் அதன் அடியில் வைப்பீர்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்போது அதே கம்போடு முன்னால் நடக்க முயலுங்கள். கையை நேரே முன்னால் தள்ளினால் கம்பு பின்பக்கம் சாய்ந்து விழுந்துவிடும். ஆகவே கையை முதலில் ஒரு நூலளவு பின்னுக்கு இழுத்து, கம்பை முன்பக்கம் சாயவிட்டு, அந்தச் சாய்வைத் துரத்திக்கொண்டே நடக்க வேண்டும். நிற்கும்போது இதற்கு நேர் எதிர்: கை கம்பை முந்திக்கொண்டு போக வேண்டும், கம்பு பின்பக்கம் சாய வேண்டும், அப்போதுதான் அதன் ஓட்டம் அடங்கும்.

இயற்பியலில் இதற்குத் தலைகீழ் ஊசல் என்று பெயர். ஒற்றைச் சக்கர சைக்கிளில் கம்பு என்பது நம் உடல். கை என்பது சக்கரம். பெடலைப் பின்னுக்கு அழுத்தினால் தரை சக்கரத்தைப் பின்னால் இழுக்கிறது. அந்த இழுப்பு நம் கால்மாட்டில் விழுவதால் உடலை முன்பக்கம் கவிழ்க்கப் பார்க்கும். அதைச் சரிக்கட்ட உடலின் நிறை மையம், அதாவது மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி, சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குப் பின்னால் இருந்தாக வேண்டும். சக்கரம் உடலை முந்தினால்தான் அது நடக்கும்.

எவ்வளவு முந்த வேண்டும்? மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நான்கு வினாடிகளில், ஒன்பது மீட்டர் தூரத்துக்குள் நிற்க விரும்பினால், உடல் ஏறத்தாழ 6 பாகை பின்னால் சாய வேண்டும். நிறை மையம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் என்பதால், சக்கரம் முந்த வேண்டிய தூரம் அரைச் சாண். அந்த அரைச் சாண் கைக்கு வரத்தான் எனக்கு மூன்று வாரம் ஆனது.

உயரமான வண்டி ஆபத்தானது என்று நினைப்பது இயல்பு. ஆனால் நீளமான பொருள் மெதுவாகவே சாயும். பென்சில் நுனியில் நிற்காமல் சட்டென்று விழுந்துவிடுவதற்கும், நீளக் கம்பு கையில் நிதானமாக ஆடுவதற்கும் காரணம் இதுவே. சீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் உயரத்துக்கு, சாய்வு ஏறத்தாழ கால் வினாடிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நம் உடல் எதையும் உணர்ந்து எதிர்வினை செய்ய ஐந்தில் ஒரு வினாடியாவது வேண்டும். ஆகவே இடைவெளி மிகக் குறுகியது. யோசித்துச் செய்ய நேரம் கிடையாது. முதுகும் இடுப்பும் தாமாகவே கற்றுக்கொள்ள வேண்டும். செயின் வைத்த மிக உயரமான ஒற்றைச் சக்கர சைக்கிள்களில் சமநிலை அவ்வளவு கடினமில்லை. ஏறுவதும் விழுவதும்தான் கடினம்.

இதுவரை சொன்னது முன்பின் சமநிலை. பக்கவாட்டில் கதை வேறு. இருசக்கர சைக்கிளில் வலப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரை வலப்பக்கம் திருப்பிச் சக்கரத்தை உடலுக்கு அடியில் கொண்டுவருகிறோம். இங்கே ஹேண்டில்பாரே இல்லை. அதனால் தோளையும் கைகளையும் ஒரு பக்கம் முறுக்குகிறோம். இடுப்பும் சீட்டும் சக்கரமும் மறுபக்கம் திரும்புகின்றன. புதிதாகப் பழகுகிறவர் கைகளைக் காற்றில் வீசுவது பதற்றம் போலத் தெரியும். ஆனால் அந்தக் கைகள்தான் அவருடைய ஹேண்டில்பார்.

சுழலும் சக்கரமே வண்டியைப் பம்பரம் போல நிமிர்த்திப் பிடிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். தேர்ந்த ஓட்டுநர்கள் நின்ற இடத்திலேயே சக்கரத்தை அரைச் சுற்று முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு நிமிடக்கணக்கில் இருப்பார்கள். அப்போது சுழற்சி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை, இருந்தும் விழுவதில்லை. தாங்குவது பம்பரம் அன்று, இடைவிடாத திருத்தம்.

மழை நின்ற ஈரமண் பாதையில் இரண்டு பேர் ஓட்டிய தடங்களைப் பார்த்தால் யார் பழகியவர் என்று உடனே தெரிந்துவிடும். புதியவரின் தடம் பாம்பு போல நெளிந்திருக்கும், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு நெளிவு. பெடல்கள் சக்கரத்துக்கு நேராக இல்லாமல் இரு பக்கமும் தள்ளி இருப்பதால், வலது கால் அழுத்தும்போது வண்டி ஒரு பக்கமும் இடது கால் அழுத்தும்போது மறுபக்கமும் இழுபடுகிறது. பயத்தில் முழு எடையையும் கால்களில் வைக்கிறவருக்கு இந்த இழுப்பு பலமாக இருக்கும், தொடையும் சீக்கிரம் சோர்ந்துவிடும். எடையைச் சீட்டுக்குக் கொடுத்துவிட்டால் தடம் நேராகிவிடும். பழகுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தை, "உட்காருங்கள்!"

இனி வேகம். சாதாரண ஒற்றைச் சக்கர சைக்கிளில் செயின் இல்லை, ஃப்ரீவீல் இல்லை. கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் 1.6 மீட்டர் போகும். 29 அங்குலம் 2.3 மீட்டர், 36 அங்குலம் ஏறத்தாழ 2.9 மீட்டர். நிமிடத்துக்கு 100 சுற்று மிதித்தால் இவை முறையே மணிக்கு 10, 14, 17 கிலோமீட்டர் வேகம் தரும். 1870களில் முன்சக்கரம் பிரம்மாண்டமாக வளர்ந்த பென்னி ஃபார்திங் சைக்கிள்களும் இதே கணக்கில்தான் உருவாயின. 1885இல் செயினால் பின்சக்கரத்தை ஓட்டும் ரோவர் சைக்கிள் வந்த பிறகு அந்தப் பெருஞ்சக்கரத்துக்குத் தேவை இல்லாமல் போனது. ஒற்றைச் சக்கரத்தில் அந்தப் பழைய கணக்கு இன்றும் உயிரோடிருக்கிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த எட் பிராட் 2015 முதல் 2018 வரை உலகைச் சுற்றி வந்தது 36 அங்குலச் சக்கரத்தில்தான்.

அப்படியானால் எல்லாரும் பெரிய சக்கரமே வாங்கலாமே என்று தோன்றும். ஆனால் சக்கரம் பெரிதாகப் பெரிதாக, கால் அதன் மேல் செலுத்தும் அதிகாரம் குறைகிறது. பெடலை அச்சோடு இணைக்கும் தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். 125 மில்லிமீட்டர் கிராங்க் 20 அங்குலச் சக்கரத்தின் ஆரத்தில் ஏறக்குறைய பாதி. 36 அங்குலச் சக்கரத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். மேலே சொன்ன கால் வினாடிக்குள் திருத்தம் செய்ய வேண்டும், ஆனால் கனமான சக்கரம் மசியாது. சுவிட்சர்லாந்தின் ஃப்ளோரியான் ஷ்லும்ப்ஃப் உருவாக்கிய, சக்கரத்தின் மையத்துக்குள்ளேயே கியரை வைத்த கியர் ஹப், அச்சில் இருக்கும் பொத்தானைக் குதிகாலால் தட்டினால் சக்கரத்தை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சுற்றவைக்கும். அங்கும் அதே விலைதான்: வேகம் கூடும் அளவுக்குப் பிடி குறையும். தினசரிப் பயணத்துக்கு 29 அங்குலமே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. நெரிசலில் சட்டென்று இறங்கலாம், பஸ்ஸிலும் தூக்கிக்கொண்டு ஏறலாம்.

காட்டுப்பாதையில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் சோதிக்கப்படுகின்றன. காட்டிலும் மலையிலும் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டும் இந்தத் துறையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் கனடாவின் கிரிஸ் ஹோல்ம். பாதையின் குறுக்கே ஒரு மரவேர் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் அதில் முட்டும் கணத்தில் வேகம் குறையும், உடல் முந்தும். அதைத் தடுக்க முட்டுவதற்குச் சற்று முன்பே சக்கரத்தை முந்தவிட வேண்டும். கூடவே இன்னொரு சிக்கல்: கிராங்க் இரண்டும் மேலும் கீழுமாகச் செங்குத்தாக நிற்கும் நிலையில் காலால் ஒரு விசையும் கொடுக்க முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இந்தச் செத்த நிலை வரும். வேர் அந்த இடத்தில் வாய்த்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும். 26 அங்குலச் சக்கரத்தில் பெடல்கள் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒருமுறை கிடைமட்டமாக வருகின்றன. அந்த இடம் வேரில் பொருந்துமா என்று நான்கைந்து மீட்டருக்கு முன்பே கண் அளந்துவிட வேண்டும்; பொருந்தாது என்றால் வழியில் சிறு குதி போட்டுக் கணக்கைச் சரிசெய்துகொள்வார்கள். முன்சொன்ன தடுமாற்றமெல்லாம் கடந்து அந்த மிதி வேரின் மேல் சரியாக இறங்கும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்காகவே மீண்டும் மீண்டும் அந்தப் பாதைக்குப் போகிறேன்.

மலையிறக்கத்தில் கால் மட்டும் போதாது. டிஸ்க் பிரேக்கின் பிடி சீட்டின் மூக்குக்கு அடியில் இருக்கும். அதை இலேசாக, ஒரே அழுத்தமாகப் பிடித்து வைத்துக்கொண்டு நுண்திருத்தங்களைக் காலிடம் விட்டுவிட வேண்டும். சஸ்பென்ஷன் கிடையாது. மூன்று அங்குல அகல டயரும் அதில் குறைவாக அடித்த காற்றும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. தார்ச்சாலைக்கு வந்தால் அதே குறைந்த காற்று எதிரியாகிவிடும். நீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் இருக்கும்; மெத்தென்ற டயர் அந்தச் சரிவில் ஒரு பக்கமாகவே இழுக்கும், அதை எதிர்த்து முதுகை முறுக்கியே ஓட்டினால் மாலையில் இடுப்பு வலிக்கும். காற்றை ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாங்கியவுடன் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. முன்பின் ஒன்றுபோலத் தெரிந்தாலும் இந்த வண்டிக்கு இடம் வலம் உண்டு. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். சீட்டைத் தவறாகத் திருப்பிப் பொருத்தி ஓட்டினால் இரண்டு பெடல்களும் மெல்ல மெல்லத் தாமாகக் கழன்றுவரும். எனக்கு அப்படி ஒருநாள் நடந்தது. கிராங்கின் மரை முழுவதும் அரைபட்டுப்போனது. கிராங்கில் இருக்கும் எல், ஆர் எழுத்துகளை முதலில் பாருங்கள். மணிக்கட்டுக் கவசமும் வாங்கிக்கொள்ளுங்கள். முன்னால் ஹேண்டில்பார் இல்லாததால் பெரும்பாலும் காலில்தான் இறங்குவோம். ஓடிச் சமாளிக்க முடியாத வேகத்தில் மட்டும் கை தரையைத் தேடும்.

காலையில் நான் போகும் வழியில் ஒரு சிக்னல் இருக்கிறது. சிவப்பு விழுந்ததும் ஒரு மிதி வேகமாக மிதித்து, பின்னால் சாய்ந்து, நிற்கிறேன். இடது பெடல் கீழே, சக்கரம் முன்னும் பின்னும். பச்சை விழுந்ததும் சக்கரத்தை ஒரு கணம் பின்னுக்கு விடுகிறேன். உடல் முன்னால் சாய்கிறது, அதன் பின்னாலேயே மிதிக்கிறேன்.