அந்தக் குளம் அதுவரை எங்கே இருந்தது?

அக்கா மகன் கோவில்பட்டியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். போன மே மாத விடுமுறையில் ஒரு நாள் ராத்திரி வாட்ஸப்பில் ஒரு நீளமான எண்ணை அனுப்பினான். "மாமா, மைன்கிராஃப்ட்ல புது வேர்ல்டு போடும்போது சீட் கேக்கும்ல, அதுல இதைப் போடுங்க. எறங்குன எடத்துல இருந்து கெழக்கே போங்க. மலையத் தாண்டுனா ஒரு குளம். நடுவுல ஒத்த மரம் நிக்கும்."

மைன்கிராஃப்ட் என்பது கட்டம் கட்டமாக அடுக்கிய பெரிய உலகத்தில் நடந்து திரியும் கம்ப்யூட்டர் விளையாட்டு. சென்னையில் என் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து அந்த எண்ணைப் போட்டேன். கிழக்கே நடந்தேன். மலை வந்தது. ஏறி இறங்கினால் குளம். நடுவில் சின்னத் திட்டு, திட்டின் மேல் ஒற்றை மரம்.

அவன் எனக்கு ஒரு ஃபைலும் அனுப்பவில்லை. நாங்கள் இருவரும் ஒரே சர்வரில் ஆடவும் இல்லை. வந்தது எண் மட்டும். நான் போய்ப் பார்க்கும் வரை என் கம்ப்யூட்டரில் அந்தக் குளம் எங்கே இருந்தது? கேம் ஆடுகிறவர்கள் கூடும் இடத்தில் எல்லாம் இந்தக் கேள்வி வரும். "அவ்வளவு பெரிய உலகத்தை எங்க ப்ரோ சேவ் பண்ணி வச்சிருக்கான்?" என்று யாராவது கேட்பார்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

எங்கேயும் சேமித்து வைக்கவில்லை என்பதுதான் பதில். 17ஐ 23ஆல் பெருக்கினால் 391. அந்த 391 எந்தப் பெட்டியிலும் இருந்து எடுக்கப்படுவதில்லை. கோவில்பட்டியில் பெருக்கினாலும் சென்னையில் பெருக்கினாலும் அதுவேதான் வரும். குளமும் அப்படி ஒரு கணக்கின் விடை. கணக்கின் விதிகள் விளையாட்டுக்குள் இருக்கின்றன. விதைபோல உள்ளே போடும் முதல் எண்ணைத்தான் சீட் என்கிறார்கள்.

ஆனால் கணக்கு என்றால் ஒழுங்கு அல்லவா, காடும் மேடும் எப்படி வந்தன? இங்கே கம்ப்யூட்டர் ஒரு தந்திரம் செய்கிறது. தாயக்கட்டை உருட்டியதுபோலத் தோன்றும் எண்களை, கட்டையே இல்லாமல் உண்டாக்குகிறது. தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். ஏதாவது ஒரு எண்ணை 5ஆல் பெருக்கி, 3ஐக் கூட்டி, 16ஆல் வகுத்து, மீதியை மட்டும் எடுங்கள். அந்த மீதியை வைத்துத் திரும்பவும் அதையே செய்யுங்கள். 7இல் தொடங்கினால் 6, 1, 8, 11, 10, 5, 12 என்று போகும். பார்க்க ஒழுங்கே இல்லை. ஆனாலும் 7இல் தொடங்குகிற யாருக்கும் இதே வரிசைதான் வரும்.

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு (ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதியது) பல ஆண்டுகள் நம்பியிருந்தது இதே கணக்கைத்தான், எண்கள் மட்டும் பெரியவை: 25,21,49,03,917ஆல் பெருக்கி, 11ஐக் கூட்டி, 2இன் 48ஆம் அடுக்கால் வகுத்து மீதி எடுப்பது. நம் குட்டிக் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று மாறி மாறி வருகிறது. பெரிய கணக்கிலும் கடைசி இலக்கங்களில் இந்தக் குறை உண்டு. அதனால்தான் ஜாவா அந்த மீதியின் 48 பிட்களில் (0, 1 என்று மட்டும் எழுதும் இலக்கங்களில்) கடைசி 16ஐயாவது வெட்டிவிட்டு மேலே உள்ளதை மட்டும் தருகிறது.

சீட் பெட்டியில் எண்ணுக்குப் பதில் ஒரு சொல்லையும் போடலாம். தமிழ்ச் சொல்லும் செல்லும். "கடல்" என்று போட்டால் என்ன நடக்கும்? நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு நான்கு, ஏனென்றால் புள்ளியை அது தனியாக எண்ணுகிறது. க 2965, ட 2975, ல 2994, புள்ளி 3021. முதல் எண்ணை 31ஆல் பெருக்கி அடுத்ததைக் கூட்டினால் 94,890. அதை 31ஆல் பெருக்கி அடுத்ததைக் கூட்டினால் 29,44,584. இன்னொரு முறை செய்தால் 9,12,85,125. ஜாவா பதிப்பில் கடல் என்று அடித்தாலும் 91285125 என்று அடித்தாலும் ஒரே உலகம்தான் திறக்கும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்தது இதுதான். ஒரு சொல்லுக்குப் பின்னால் நடந்து முடிக்க முடியாத ஒரு நிலம் காத்திருக்கிறது.

எண்கள் கிடைத்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் உயரத்தையும் இப்படி உருட்டிப் போட்டால் நிலம் கிடைக்காது. உடைந்த செங்கல் குவியல்தான் கிடைக்கும். உண்மையான மலைச்சரிவில் ஓர் அடி தள்ளிப்போனால் உயரம் கொஞ்சம்தான் மாறும். இந்த இழைவைக் கணக்குக்குள் கொண்டு வந்தவர் அமெரிக்காவின் கென் பெர்லின். 1982இல் வந்த 'ட்ரான்' படத்தின் கணினிக் காட்சிகளில் வேலை செய்தவர். கம்ப்யூட்டர் வரையும் பரப்புகள் எல்லாம் மெஷினில் வார்த்ததுபோல வழவழவென்று இருந்தது அவருக்கு உறுத்தியது. அதற்காக அவர் கண்டுபிடித்த முறையை 1985இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1997இல் அதற்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

முறையைப் புரிந்துகொள்ள வாசலில் புள்ளிக்கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் சம இடைவெளியில் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் அம்புக்குறி. நிலம் எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதை அது சொல்லும். அம்பு எந்தத் திசையைப் பார்க்கும் என்பதை மட்டும் சீட்டிலிருந்து பிறந்த எண்கள் முடிவு செய்யும். இரண்டு புள்ளிக்கு நடுவே இருக்கும் இடம், சுற்றியுள்ள நான்கு அம்புகள் சொல்வதையும் கலந்து, அருகில் உள்ளதற்கு அதிக மதிப்புக் கொடுத்து, தன் உயரத்தைக் கண்டுகொள்ளும். சிக்குக்கோலத்தின் கம்பி புள்ளிகளைச் சுற்றி நெளிவதுபோல நிலம் அம்புகளுக்கு நடுவே நெளியும். கோலத்துக்கும் கணினிக்கும் உறவு பழையது: 1974இலேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களைக் கணினி இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

ஒரு கோலம் போதாது. புள்ளிகள் தள்ளித் தள்ளி இருக்கும் பெரிய கோலம் மலையையும் பள்ளத்தையும் தரும். நெருக்கமான புள்ளிகள் கொண்ட சின்னக் கோலம் சின்னச் சின்ன மேடு பள்ளத்தைத் தரும். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்று கூட்ட வேண்டும். இப்போது அந்தக் குளத்துக்கு வருவோம். பெரிய கோலத்தின் நெளிவு, அதாவது பெரிய அலை, ஓரிடத்தில் நிலத்தை ஆழ இறக்கியது. கடல் மட்டத்துக்குக் கீழே போன பள்ளத்தை விளையாட்டு தண்ணீரால் நிரப்பும் என்பது விதி, குளம் ஆயிற்று. சின்ன அலை நடுவில் நிலத்தைச் சற்றே தூக்கியது; திட்டு ஆயிற்று. 16க்கு 16 கட்டம் கொண்ட ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனியாக ஒரு உருட்டல் உண்டு, அதில் மரம் விழுந்தது.

அந்தத் தனி உருட்டலில்தான் சூட்சுமம் இருக்கிறது. நான் மலை ஏறிப் போனேன். அக்கா மகன் முதல் முறை தெற்கே காட்டுக்குள் சுற்றி வந்திருந்தான். எண்களை நடக்கும் வரிசையில் உருட்டியிருந்தால் எங்கள் குளங்கள் வேறு வேறாக ஆகியிருக்கும். அதனால் ஒவ்வொரு துண்டின் உருட்டலும் சீட்டையும் அந்தத் துண்டு இருக்கும் இடத்தின் எண்களையும் சேர்த்துப் பிசைந்துதான் தொடங்கும். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே மரம்.

இடம் போதாத காலத்தில் இந்த வித்தை பிழைப்புக்கு வழியாக இருந்தது. 1984இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் டேவிட் பிரேபன், இயன் பெல் இருவரும் 'எலைட்' என்ற விண்வெளி வாணிக விளையாட்டை எழுதினார்கள். பிபிசி மைக்ரோ கணினியில் மொத்த நினைவகமே 32 கிலோபைட். அதற்குள் 8 விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள், பெயரும் விலைவாசியும் உட்பட. மூன்று எண்களைக் கூட்டி நான்காவதை எடுத்து, முதல் எண்ணைத் தள்ளிவிட்டுத் திரும்பக் கூட்டுவதுதான் அதன் மையக் கணக்கு. அந்தக் கணக்குக்குள் 28,14,74,97,67,10,656 மண்டலங்கள் கிடந்தன. அத்தனையையும் திறந்துவிட்டால் ஆடுகிறவருக்குச் செயற்கை என்று தெரிந்துவிடும் என்று எட்டோடு நிறுத்தினார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

2016இல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' நிறுத்தவில்லை. 1,84,46,74,40,73,70,95,51,616 கிரகங்கள். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று ராஜாவிடம் கேட்ட கதை தெரியும்தானே, 64 கட்டத்துக்கும் சேரும் நெல்லைவிட இது சரியாக ஒன்று அதிகம். வெளியான சில நாட்களுக்குள் இரண்டு பேர் ஒரே கிரகத்தின் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதே கட்டடம், அதே நிலம். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியவில்லை. நிலம் சூத்திரத்தில் இருந்தது, அதனால் இரு வீட்டிலும் முளைத்தது. மனிதர்கள் சூத்திரத்தில் இல்லை. அவர்களைக் காட்ட நெட்வொர்க் வேண்டும். அந்த வசதி முழுதாக 2018இல்தான் வந்தது.

கணக்கு முறிகிற இடமும் உண்டு. மைன்கிராஃப்டின் பழைய பீட்டா (சோதனை) பதிப்புகளில் நடுவிலிருந்து சுமார் 1,25,50,821 கட்டம் தள்ளி நிலம் திடீரென்று செங்குத்துச் சுவராக எழுந்து, சல்லடைபோலத் துளைபட்டு நிற்கும். அந்தத் தூரத்தில் அலைக் கணக்கின் உள்ளே ஓடும் எண் 2,14,74,83,647ஐத் தாண்டிவிடுகிறது. 32 பிட்டுக்குள் அதற்குமேல் எண்ண முடியாது. நிற்காமல் நடந்தால் அங்கே போய்ச் சேர 33 நாளுக்கு மேல் ஆகும். 2011 செப்டம்பரில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். இன்னும் அதை நினைத்து ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன்.

என் நண்பர் ஒருவர் அக்கா மகனின் எண்ணைத் தன் பழைய லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டு, "கிழக்கே பாலைவனம்தான் இருக்கு, குளமெல்லாம் இல்ல" என்றார். எண் சரி, விளையாட்டின் பதிப்பு வேறு. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பில் நிலம் உண்டாக்கும் விதிகளையே மாற்றினார்கள். அதே விதைதான், மண் மாறிவிட்டது.

நிலம் விதை, பதிப்பு இரண்டையும் பொறுத்தது என்று தெரிந்துகொண்டவர்கள் கணக்கைத் தலைகீழாகவும் போட்டார்கள். மைன்கிராஃப்டைத் திறந்ததும் தலைப்புக்குப் பின்னால் மெல்லச் சுழலும் ஒரு நிலக்காட்சி பல ஆண்டுகள் இருந்தது. அது எந்த உலகம் என்று யாருக்கும் தெரியாது. ரசிகர்கள் படத்திலிருந்த மேகங்களைப் பிடித்துக்கொண்டார்கள். மேக அமைப்பு எல்லா உலகத்திலும் ஒன்றுதான், அதை வைத்து இடத்தைக் கணிக்கலாம். பிறகு மரங்கள் நிற்கும் கட்டங்களைக் குறித்துக்கொண்டு, தன்னார்வலர்கள் தந்த கணினிகளில் விதைகளை ஒவ்வொன்றாக முளைக்க வைத்துப் பார்த்தார்கள். 2020 ஜூலையில் கிடைத்தது: 2151901553968352745. இதை அக்கா மகனுக்கு அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்தில் பதில் வந்தது: "மாமா, எந்த வெர்ஷன்?"

பீட்டா 1.7.3 என்று அனுப்பினேன்.