மூன்று நாளில் வரும் தரச்சான்றிதழ் டெண்டரில் நிற்காது

லேத் பட்டறை நடத்தும் ஒருவர், தரமேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 சான்றிதழை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். தங்க நிற முத்திரை, ஓரத்தில் உலக உருண்டை, கீழே யாரோ போட்ட கையெழுத்து. 14,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். ஜிஎஸ்டி எண்ணையும் முகவரியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மூன்றாம் நாள் சான்றிதழ் கூரியரில் வந்துவிட்டது. பட்டறை வாசலை மிதித்துப் பார்த்தவர் யாருமில்லை. அந்தச் சான்றிதழை இணைத்துப் போட்ட டெண்டர் ஒரே வரியில் தள்ளுபடியானது: சான்று தந்த அமைப்புக்கு அங்கீகாரம் இல்லை.

அவர் வேலையில் குறையே கிடையாது. அளவு தவறிய பொருளை ஒதுக்கிவைத்து, ஏன் தவறியது என்று கண்டுபிடித்து, கருவியை மாற்றிப் போட்டு மறுபடி கடைகிற மனிதர். தரமேலாண்மை என்பதே அதுதான். அதை எழுதிவைக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எழுதிய காகிதத்தை விற்பவர் மட்டும் தேடி வந்துவிட்டார். இப்படி ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறிய விளக்கம். ஐஎஸ்ஓ என்பது ஜெனீவாவில் இருக்கும் அமைப்பு. அது தரநிலையை எழுதுகிறது. யாருக்கும் சான்றிதழ் தருவதில்லை. சான்று தருபவை தனி அமைப்புகள். அந்த அமைப்புகள் தகுதியானவையா என்று சோதித்து அங்கீகாரம் தருவது, இந்தியாவில், இந்தியத் தரக் கவுன்சிலின் கீழ் இயங்கும் என்ஏபிசிபி. வெளிநாட்டு அங்கீகார அமைப்புகளும் உண்டு. அவை சர்வதேசப் பரஸ்பர ஏற்பு உடன்பாட்டில் இருக்க வேண்டும். ஆகவே சான்றிதழில் நீங்கள் தேட வேண்டியது ஐஎஸ்ஓ என்ற மூன்றெழுத்தை அல்ல. சான்று தந்தவரின் முத்திரைக்குப் பக்கத்தில் அங்கீகாரம் தந்தவரின் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையை அச்சடிப்பது எளிது என்பதால் அதோடு நிற்காதீர்கள். என்ஏபிசிபி இணையதளத்தில் அந்த அமைப்பின் பெயரைத் தேடுங்கள். உங்கள் தொழில் பிரிவுக்கும் அதற்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். உணவுப் பொருளுக்கு அங்கீகாரம் பெற்றவர் இயந்திர உதிரிபாகத்துக்குச் சான்று தந்தால் அது செல்லாது. பணம் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய பத்து நிமிட வேலை இது. கொடுத்த பிறகு செய்து பயனில்லை.

மூன்று நாளில் ஏன் முடியாது?

முறையான தணிக்கை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் நீங்கள் தயாராக இருக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் ஆடிட்டர் உங்கள் இடத்தில் நின்று, வேலை நடப்பதையும் பதிவேடுகளையும் ஒப்பிடுவார். அதற்கு முன்பே நீங்கள் ஒருமுறை உள்தணிக்கை நடத்தி, உரிமையாளர் உட்கார்ந்து அதைப் பரிசீலித்து, கண்ட குறைகளுக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதியிருக்க வேண்டும். ஐந்து பேர் வரை வேலை செய்யும் இடத்துக்குக்கூட முதல் தணிக்கைக்கு ஒன்றரை நாள் என்பதுதான் சர்வதேச அட்டவணையின் தொடக்கக் கணக்கு. ஆறு முதல் பத்து பேர் என்றால் இரண்டு நாள். சில காரணங்களுக்காக இதைக் குறைக்க இடமுண்டு. ஆளே வராமல் முடிக்க இடமில்லை.

சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு, அதற்கும் கட்டணம் உண்டு. ஏஜென்ட் இதைச் சொல்லவே மாட்டார். முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர்கள், இரண்டாம் ஆண்டு பணம் கட்டாததால் சான்று நிறுத்திவைக்கப்பட்டதை டெண்டர் நேரத்தில்தான் அறிகிறார்கள். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொரு அடையாளம் சொல்கிறேன். "ஆவணமும் நாங்களே தயாரித்துத் தருகிறோம், சான்றிதழும் நாங்களே தருகிறோம்" என்று ஒரே ஆள் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சான்று தரும் அமைப்பு அதே வாடிக்கையாளருக்கு ஆலோசகராக இருக்கக் கூடாது என்பது அங்கீகார விதி. மாணவனுக்குப் பரீட்சை எழுதிக் கொடுத்தவரே மதிப்பெண்ணும் போட முடியாது அல்லவா?

தடிமனான "தரக் கையேடு" ஒன்றைத் தலையில் கட்டுவதும் வழக்கமாகிவிட்டது. தரக் கையேடு கட்டாயம் என்ற நிபந்தனை 2015 பதிப்பிலேயே நீங்கிவிட்டது. அப்படி விற்கப்பட்ட கையேடு ஒன்றை நான் புரட்டியபோது, ஏழாம் பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயர் அழிக்கப்படாமல் இருந்தது. அச்சுக்கூடத்துக்குக் கொடுத்த அந்தக் கையேட்டில் கொதிகலன் பராமரிப்பு பற்றி ஓர் அத்தியாயமே இருந்தது. அந்த அச்சுக்கூடத்தில் கொதிகலன் கிடையாது. ஆடிட்டர் கேட்டால் உரிமையாளர் என்ன பதில் சொல்வார்?

உங்களுக்கு வேண்டியவை வேறு. வந்த மூலப்பொருளைச் சோதித்த பதிவு. ஒதுக்கிய பொருள் எத்தனை, ஏன், அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்ற பதிவு. வாடிக்கையாளர் சொன்ன புகாரும் நீங்கள் தந்த பதிலும். வெர்னியர் காலிபர், எடைத்தராசு போன்ற அளவுக் கருவிகளைச் சரிபார்த்த சான்று. பெரிய நிறுவனங்களுக்குப் பொருள் கொடுப்பவர்கள் அந்தச் சரிபார்ப்பை, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் செய்துகொள்வது நல்லது, மற்றவற்றைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. பதிவுகளை நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் பேனாவால் எழுதியிருந்தாலும் போதும். சேவைத் தொழில் செய்பவர்களுக்கும் இதே கதைதான்: பழுதுபார்த்த இயந்திரம் எத்தனை முறை திரும்பி வந்தது, ஏன் வந்தது என்று எழுதுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். ஐஎஸ்ஓ 9001 உங்கள் வேலை முறைக்குத் தரப்படும் சான்று, பொருளுக்கு அல்ல. பொருளின் மீதோ பெட்டியின் மீதோ "ஐஎஸ்ஓ சான்று பெற்ற பொருள்" என்று அச்சடிக்கக் கூடாது. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாக்கப்பட்ட பொருளைச் செய்பவர்களுக்கு ஐஎஸ்ஓ சான்று மாற்று ஆகாது. இந்தியத் தரநிர்ணய அமைப்பிடம் தனி உரிமம் வாங்கியே ஆக வேண்டும்.

அரசு மானியம் தரும் ஜெட் சான்றிதழ்

சிறு உற்பத்தியாளர்களுக்காக ஒன்றிய அரசு நடத்துவது "ஜெட்" திட்டம். பொருளில் குறைபாடு இருக்கக் கூடாது, சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இருக்கக் கூடாது என்பது அந்தப் பெயரின் அர்த்தம். 2022 ஏப்ரலில் புதுப்பித்தார்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படிகள்; கட்டணம் முறையே 10,000, 40,000, 90,000 ரூபாய். இதில் குறு நிறுவனங்களுக்கு 80 சதவீதம், சிறு நிறுவனங்களுக்கு 60, நடுத்தர நிறுவனங்களுக்கு 50 சதவீதம் மானியம். குறு நிறுவனம் வெள்ளிக்கு விண்ணப்பித்தால் மானியம் போக மிஞ்சுவது 8,000 ரூபாய்தான். உறுதிமொழி எடுத்துச் சேர்பவர்களுக்கு 10,000 ரூபாய் இணைப்புச் சலுகையும் அறிவித்திருக்கிறார்கள். வெண்கலத்தில் ஐந்து அம்சங்கள்தான்: தலைமை, தூய்மையான பணியிடம், பணியிடப் பாதுகாப்பு, உரிய நேரத்தில் பொருளைத் தருவது, தரமேலாண்மை. நேர்மையாகத் தொழில் செய்பவர் எட்டக்கூடிய படி இது.

ஆனால் வழியில் கண்ணிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யமிலேயே தொடங்குகின்றன.

உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். புதுப்பித்தல் என்று ஒன்று கிடையவே கிடையாது. "உங்கள் உத்யம் காலாவதியாகிறது, 2,500 ரூபாய் கட்டுங்கள்" என்று போன் வந்தால் அது மோசடி. தளத்தின் முகவரி "கவ் டாட் இன்" என்று முடிகிறதா என்று பார்க்காமல் ஆதார் எண்ணைத் தட்டாதீர்கள்.

பதிவை யாரோ செய்து கொடுத்திருந்தால், அதில் இருப்பது யாருடைய கைப்பேசி எண் என்று இன்றே பாருங்கள். தரகரின் எண் இருந்தால், ஒவ்வொரு முறையும் ஒருமுறைக் கடவுச்சொல் அவருக்குத்தான் போகும். அவர் போனை எடுக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும், எடுத்தால் காசு கேட்பார். ஒரு பெண் இந்த ஒரு காரணத்துக்காகவே நான்கு மாதம் அலைந்தார். ஓர் அலுவலகத்தில் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினார்கள், அங்கே "ஆன்லைனில் பாருங்கள்" என்றார்கள், ஆன்லைனில் கடவுச்சொல் கேட்டது. எண்ணை மாற்றிக் கொடுக்கும் வேலை எந்த மேசையில் நடக்கும் என்று சொல்ல அந்த இரண்டு அலுவலகத்திலும் ஒருவர்கூட முன்வரவில்லை.

அடுத்தது தொழில் வகை. ஜெட் உற்பத்தி செய்பவர்களுக்கான திட்டம். அவசரத்தில் "வணிகம்" என்று பதிவு செய்திருந்தால் கதவு திறக்காது. 2021இல் சில்லறை, மொத்த வியாபாரிகளையும் உத்யமில் சேர்த்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது வங்கி முன்னுரிமைக் கடன் தகுதி மட்டுமே. பொருளைச் செய்துகொண்டே வியாபாரி என்று பதிவாகியிருப்பவர்கள் ஏராளம். தொழில் குறியீட்டைத் திருத்தியபிறகு விண்ணப்பியுங்கள்.

பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்குச் சான்றிதழ் கட்டணம் முழுவதும் மானியமாகக் கிடைக்கிறது. வேலை முழுவதையும் மனைவி பார்க்க, பதிவில் கணவர் பெயர் இருந்தால் அந்தச் சலுகை வராது. இது நியாயமில்லைதான், ஆனால் கணினி பதிவில் உள்ளதை மட்டுமே பார்க்கிறது. முகவரியும் அப்படித்தான். பட்டறை இடம் மாறியும் பதிவில் பழைய முகவரி இருந்தால் மதிப்பீட்டின்போது சிக்கல் வரும்.

"முழுத் தொகையையும் என்னிடம் கட்டுங்கள், மானியத்தைப் பிறகு வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். கட்டணம் திட்டத்தின் தளத்தில், உங்கள் கணக்கிலிருந்து, நீங்களே கட்டுவது. மதிப்பீட்டுக்குக் கேட்கும் புகைப்படங்களையும் உங்கள் இடத்திலேயே எடுங்கள். தரகர் தரும் பளபளப்பான படங்கள் வேண்டாம். பின்னால் ஒருவர் நேரில் வந்தால் பொய் சொன்னவராக நிற்கப்போவது நீங்கள்.

விண்ணப்பம் அசையாமல் கிடந்தால் நேரில் அலைவதைக் குறையுங்கள். குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் "சாம்பியன்ஸ்" தளத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். வாயால் கேட்ட கேள்விக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை, எண் இருந்தால் ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள், சான்றிதழ் செலவைத் திருப்பித் தரும் மாநிலத் திட்டம் பற்றியும் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். அசல் ரசீதும் வங்கி வழியாகப் பணம் கட்டிய சான்றும் இல்லாமல் போகாதீர்கள். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்குக் கணக்கே கிடையாது.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டீர்களா? அந்தச் சான்றிதழை "அங்கீகாரமுள்ளதாக மாற்றித் தருகிறேன்" என்று இரண்டாவதாக ஒருவர் வருவார். அவரையும் நம்பாதீர்கள். அங்கீகாரம் பெற்ற சான்றை மட்டுமே ஓர் அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்கு மாற்ற முடியும். மற்றவர்கள் முதல் கட்டத் தணிக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். போலித் தளத்தில் பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. வாட்ஸ்அப் உரையாடலையும் கூரியர் உறையையும் தூக்கிப் போடாதீர்கள், காவல் நிலையத்தில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

லேத் பட்டறைக்காரர் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறார். ஒதுக்கிய பொருளுக்கு ஒரு பக்கம், கருவிகளுக்கு ஒரு பக்கம். உத்யமில் கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டார். அடுத்த மாதம் வெண்கலத்துக்கு விண்ணப்பிக்கிறார்.