கல்யாண நடைக்கு கேம் இசை: லூப் செய்யும் வேலை

2021 ஜூலை 23, டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழா. நாடுகளின் அணிவகுப்பு 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டின் முகப்பிசையோடு தொடங்கியது. பிறகு 'ஃபைனல் ஃபேண்டஸி', 'மான்ஸ்டர் ஹண்டர்' என்று வீடியோ கேம் இசையாகவே வந்தது. எந்த அணி எவ்வளவு நேரம் நடக்கும் என்று யாருக்கும் தெரியாத நிகழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான இசை கிடைக்காது.

தேவாலயத்தில் மணமகள் நடந்து வருவதும் இதே கணக்குதான். முன்னால் பூத்தூவிப் போகும் குழந்தை பாதி வழியில் நின்று அழ ஆரம்பித்தால் ஒரு நிமிட நடை மூன்று நிமிடமாகிவிடும். விளையாடுகிறவர் ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் சுற்றுவார் என்பது கேம் இசையமைப்பாளருக்கும் தெரியாது. அதற்கு அவர் கண்ட வழிதான் லூப், அதாவது முடிந்ததும் மறுபடி மறுபடி ஓடும் இசை.

1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமே 40 கிலோபைட். அதில் ஒலிப்பதிவு செய்த பாட்டுக்கு ஏது இடம்? எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற குறிப்புகளை மட்டும் எழுதி வைத்தார்கள். அவற்றைப் படித்து ஒலியை எழுப்பியது விளையாட்டுக் கருவியின் சிப். பாடகர் குரலுக்கு வழியில்லாததால் மெட்டே எல்லாச் சுமையையும் தாங்க வேண்டியிருந்தது. சடங்குக்கு இதுவே வசதி. பாதிரியார் பேசும்போது பின்னணியில் பாடல் வரிகள் ஓடினால், மூளை இரண்டு பேச்சையும் ஒரே நேரத்தில் புரிந்துகொள்ள முயன்று தடுமாறும். வெறும் வாத்திய இசைக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு.

லூப் என்றால் முடிந்ததும் முதலிலிருந்து ஓடுவது மட்டுமல்ல. பல இசைகளில் ஒரு சிறு முன்னுரை ஒரே முறை வரும். திரும்பும்போது அதற்கு அடுத்த இடத்துக்கே போகும். கடைசி வரி பெரும்பாலும் பஞ்சமத்தை ஒட்டித் தொக்கி நிற்கும். காது ஆதாரச் சுரமான ஸட்ஜத்தை எதிர்பார்க்கும். அது முதல் வரியில் கிடைக்கும். அதனால்தான் ஒட்டு தெரிவதில்லை.

ஆல்பமாக விற்கும் பதிப்பில் பெரும்பாலும் லூப்பை இரண்டு முறை ஓட்டி, ஒலியை மெல்லக் குறைத்துவிடுவார்கள். மணமகள் பாதி தூரம் வந்திருக்கும்போது இசை தேய்ந்து போனால் எப்படி இருக்கும்! ஆகவே நாமே வெட்டி ஒட்ட வேண்டும். திரையில் தெரியும் ஒலியலை நடுவிலுள்ள பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டாவிட்டால் 'டக்' என்று கேட்கும். முதல் சுற்றின் தொடக்கத்தில் முந்தைய சுரங்களின் எதிரொலி இருக்காது. இரண்டாம் சுற்றை எடுத்தால் அந்த வாலும் சேர்ந்தே வரும். எம்பி3 வேண்டாம். அது 1152 மாதிரிகள் (ஒலியின் நுண்ணிய அளவீடுகள்) கொண்ட கட்டங்களாகத்தான் ஒலியைச் சேமிக்கும், முன்னும் பின்னும் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும். சில பத்து மில்லிவினாடிதான், ஆனால் தாளம் விக்குவது கேட்கும். வேவ் கோப்பு நல்லது.

இன்னொரு உத்தி, அடுக்குகள். 'சூப்பர் மாரியோ வேர்ல்ட்' விளையாட்டில் யோஷி மீது ஏறியதும் அதே மெட்டோடு பாங்கோ தாளம் சேர்ந்துகொள்ளும். கச்சேரிக்காரர்கள் நேரில் வாசிக்கும் திருமணம் என்றால், தோழிகள் வரும்போது பியானோ மட்டும், மணமகள் வாசலில் தெரிந்ததும் வயலின்கள் என்று செய்யலாம். 1991இன் 'மங்கி ஐலண்ட் 2' இன்னும் ஒரு படி மேலே போனது. ஆட்டக்காரர் இடம் மாறினாலும் மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் உருவாக்கிய ஐம்யூஸ் நிரல் உடனே தாவாது. மெட்டில் பொருத்தமான இடம் வரும்வரை காத்திருந்து மாறும். நம் கெட்டிமேளம் இதற்கு நேர் எதிர். கை காட்டினால் போதும், ராகம் எங்கே நின்றாலும் அங்கேயே அறுத்துக்கொண்டு முழங்கும்.

தாளத்தின் வேகம் நடைக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 100 அடிக்கு மேல் நடக்கிறோம். திருமண நடைக்கு 60, 70 போதும். மாரியோவின் முதல் கட்ட இசை ஓடுகிறவனுக்கானது, நடக்கிறவளுக்கு அல்ல.

மெட்டின் அழகை மட்டும் நம்பக் கூடாது. 'ஃபைனல் ஃபேண்டஸி 7' விளையாட்டில் ஏரித் என்ற பெண் பாத்திரத்தின் இசை மிக இனிமையானது. ஆனால் அவள் கொல்லப்படும் காட்சியில் ஒலிப்பதும் அதுதான். விளையாடிய நண்பர்கள் கண்ணைத் துடைப்பது ஆனந்தத்தால் அல்ல என்று உறவினர்களுக்கு யார் விளக்குவது? காட்சியும் இசையும் சேர்ந்தே நினைவில் பதிவதால் ஒன்று மற்றதை இழுத்து வரும்.

முடிப்பதற்கு லூப் உதவாது. அதற்கு, கட்டத்தை வென்றதும் வரும் சில வினாடி வெற்றி இசையை எடுங்கள். அது ஸட்ஜத்தில் வந்து முடிவதற்கென்றே எழுதப்பட்டது. லூப்புக்கும் வெற்றி இசைக்கும் சுருதி ஒன்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றாக இல்லையென்றால், நடுவே ஓரிரு வினாடி மௌனம் விடுங்கள்.